சின்னச் சிரங்கும் சிறுநீரகமும்

காலையில் எழுந்து வரும் பிள்ளையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றன. "நல்ல தூக்கம் போல" என்று உம்மா சிரித்துக்கொள்கிறார். பிள்ளை கழித்த சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன் அந்தப் பிள்ளையின் காலில் சிரங்கு இருந்தது. அது ஆறியதும் வீட்டார் மறந்தும் போனார்கள்.

அந்தச் சிரங்குக்கும் இந்த வீக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்றால் பல தாய்மார் வியப்படைவார்கள்.

சிறுநீரக நோய் என்றதும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளே நம் நினைவுக்கு வருகிறார்கள். 1990களிலிருந்து அங்கு பேசப்படும் நோய் வேறு. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நமக்கு அது தூரத்துச் செய்தி. ஆனால் கிருமித்தொற்றினால் சிறுநீரகம் பழுதடைவது எந்த வீட்டிலும் நடக்கலாம். அதைத் தடுப்பதில் பெரும் பங்கு வீட்டுப் பெண்களின் கையில்தான் இருக்கிறது.

தொண்டை நோவும் சிரங்கும்

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி தொண்டையிலும் தோலிலும் புண்ணை உண்டாக்குகிறது. அதை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தில் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் அழற்சியடைகின்றன. தொண்டை நோவு வந்து 1 முதல் 2 வாரங்களிலும், தோற்புண் வந்து 3 முதல் 6 வாரங்களிலும் இது வெளிப்படும். முகம் வீங்குதல், சிறுநீர் கறுத்தல், அளவு குறைதல், தலைவலி ஆகியவை இதன் அடையாளங்கள். இரத்த அழுத்தம் கூடி வலிப்பும் வரலாம். உரிய கவனிப்புக் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஆகவே இந்த அடையாளங்களைக் கண்ட அன்றே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

1971ஆம் ஆண்டு டிரினிடாட் தீவில் சொறி பரவியபோது, அதனுடன் சேர்ந்து பிள்ளைகளிடையே சிறுநீரக அழற்சியும் பரவியது. சொறிந்த இடம் புண்ணாகி, அந்தப் புண்ணில் கிருமி குடியேறியதே காரணம்.

நம் பிள்ளைகள் ஓதப்போய் விடுதிகளில் நெருங்கித் தூங்கும்போது சொறி எளிதில் தொற்றும். விடுமுறையில் வீடு வரும் பிள்ளையோடு அதுவும் வரும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் வீடுகள் உண்டு. இது பேன் தொற்றுவதைப் போன்றதே. குடும்பத்தின் குறை அல்ல. டொக்டர் தரும் பூசுமருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். உடுப்புகளையும் படுக்கை விரிப்புகளையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிட வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் சொறி மீண்டும் சுற்றி வரும்.

சிறுநீரை அடக்காதீர்கள்

பெண்களின் சிறுநீர்க்குழாய் குறுகியது. அதனால் கிருமி இலகுவாக மேலேறும். பாடசாலை மலசலகூடம் சுத்தமில்லை என்று பகல் முழுவதும் அடக்கிக்கொள்ளும் மகளிடம் இன்றே பேசுங்கள். கல்யாண வீட்டிலும் நீண்ட பயணத்திலும் நாமும் அதையே செய்கிறோம். தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறோம். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் போதியளவு தண்ணீர் குடிக்க வேண்டும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவும் பழக்கத்தைச் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எரிவுடன் சிறுநீர் அடிக்கடி போனால் பரிசோதிக்க வேண்டும். அதனுடன் குளிர் காய்ச்சலும் விலாப்பக்க நோவும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு எந்த அடையாளமும் இல்லாமலே தொற்று இருக்கக்கூடும். கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான். காரணம் தெரியாத காய்ச்சல் உள்ள கைக்குழந்தைக்கும் இப்பரிசோதனை அவசியம். திரும்பத் திரும்ப வரும் தொற்று குழந்தையின் சிறுநீரகத்தில் தழும்பை விட்டுச்செல்லும்.

வெள்ளமும் எலியும்

2008ஆம் ஆண்டு இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகக்கூட இக்கிருமி நுழையும். அது முதலில் தாக்குபவற்றில் சிறுநீரகமும் ஒன்று. வயல் இல்லாவிட்டாலும் நம்மிடம் கால்வாயும் கானும் குப்பையும் எலியும் உண்டு. மழைவெள்ளம் வடிந்த வீட்டை வெறுங்காலோடு கழுவாதீர்கள். அதன் பின் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் ஆகியவை வந்தால், தண்ணீரில் நின்ற விஷயத்தை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோவு தாங்கவில்லை என்று பாமசியில் டைக்லோஃபெனக் போன்ற குளிசைகளை வாங்கிக் கொடுப்பது, தவிக்கும் சிறுநீரகத்தை மேலும் வதைப்பதாகும்.

மருந்தைப் பாதியில் நிறுத்துவது நம்மவரிடம் உள்ள இன்னொரு குறை. காய்ச்சல் விட்டதும் மீதிக் குளிசைகள் அலுமாரிக்குப் போகின்றன. அடுத்த பிள்ளைக்கு நோவு வந்தால் அவை வெளியே வருகின்றன. கொடுத்த நாட்கணக்கு முடியும்வரை, கொடுக்கப்பட்டவரே குடிக்க வேண்டும்.

தொழுகைக்கு முன் சுத்தத்தைக் கடமையாக்கிய மார்க்கம் நம்முடையது. நாளுக்கு ஐந்து முறை வுழூச் செய்யும் வீட்டில், பிள்ளையின் காலிலுள்ள சிரங்கும் நம் கண்ணில் படவேண்டும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதை முன்கூட்டியே காப்பது, பின்னர் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பதை விட எவ்வளவோ இலகுவானது. வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் சுகவாழ்வைத் தருவானாக.