டிசம்பர் செலவுக்கு ஜனவரிக் கணக்கு

பண்டிகைச் செலவு எதிர்பாராமல் வரும் செலவு அன்று. அது வரும் நாள் நாள்காட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. தீபாவளியாவது ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகர்வதே இல்லை. ஆயினும் பல குடும்பங்களில் அது திடீரென நேர்ந்த மருத்துவச் செலவைப் போலவே கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ சமாளிக்கப்படுகிறது. குடிலையும் நட்சத்திரத்தையும் கழற்றிப் பரணில் வைக்கும் இந்த மாதத்தில் அடுத்த கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பொருளாதாரக் கணக்குப்படி அதைப் பேச வேண்டிய மாதம் இதுதான்.

இதை ஒசூரை முன்வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என வளர்ந்த இந்த எல்லை நகரம், இன்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதையும் ஒரு தொழில் மண்டலமாக மாற்றியிருக்கிறது. போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர்கள், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் கைப்பேசி உதிரி பாகங்கள் எனப் புதிய ஆலைகள் வந்துவிட்டன. எலத்தகிரி, மத்திகிரி போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களோடு, தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களும், ஜார்க்கண்ட், ஒடிஸாவிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களும் சேர்ந்துதான் இங்கு டிசம்பர் மாதத்தைக் கொண்டாடுகிறார்கள்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்ததும், 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படியே தொடர்வதுமான குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். நம் தொழிற்சாலைகளில் இது தீபாவளியை ஒட்டி ஐப்பசியில் வழங்கப்படுகிறது. கிறிஸ்தவத் தொழிலாளியின் கைக்கும் அப்போதுதான் வருகிறது. பழைய கடன், பள்ளிக் கட்டண நிலுவை, ஊரே வாங்கும்போது வாங்காமலிருக்க முடியாத துணிமணி என்று அது கார்த்திகைக்குள் கரைந்துவிடுகிறது. மார்கழிப் பண்டிகைக்கு மாதச் சம்பளம் மட்டுமே மிச்சம். முப்பது நாள் வேலை செய்தாலே போனஸுக்குத் தகுதி உண்டு என்கிறது சட்டம். ஆனால், ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அதுவும் எட்டுவதில்லை.

இந்த இடைவெளியில்தான் பண்டிகைச் சீட்டு நுழைகிறது. ஜனவரியில் தொடங்கி மாதம் ரூ.500 வீதம் பன்னிரண்டு மாதங்கள் கட்டினால், டிசம்பரில் ரூ.7,000 மதிப்புள்ள துணி, பாத்திரம், கேக், பட்டுச் சேலை தரப்படும் என்று அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள். கட்டிய தொகை ரூ.6,000, கிடைப்பது ரூ.7,000. பதினாறு, பதினேழு சதவீத லாபம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படியன்று. முதல் மாதத் தவணை மட்டுமே பன்னிரண்டு மாதங்கள் அவரிடம் இருக்கிறது. கடைசித் தவணை ஒரு மாதம்தான். சராசரியாக ஓராண்டு முழுவதும் அவரிடம் இருந்தது ரூ.3,250 மட்டுமே. அதற்கு ரூ.1,000 தருவது ஏறத்தாழ 31 சதவீத ஆண்டு வட்டிக்குச் சமம். நேர்மையான எந்தத் தொழிலிலும் இடர் இல்லாமல் இந்த ஆதாயத்தைத் தர முடியாது. ஆகவே, ஒன்று பொருளின் விலை ஏற்றிச் சொல்லப்படுகிறது. அல்லது, அடுத்தடுத்துச் சேருவோரின் பணம் முன்னவர்களுக்குப் போகிறது. இரண்டாவது வகையில், புதிதாகச் சேருவோர் குறையும் ஆண்டில் அட்டை மட்டுமே கையில் மிஞ்சும்.

இதற்கு 'சீட்டு' என்று பெயரிருப்பதே ஒரு குழப்பம். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஏலச்சீட்டு வேறு. அதை நடத்துபவர் முன் அனுமதி பெற்று, சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்து, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணை வைக்க வேண்டும். அவருடைய தரகு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பண்டிகைச் சீட்டில் ஏலமும் இல்லை, பிணையும் இல்லை. அது பெயர் மாற்றிக்கொண்ட வைப்புத் தொகை. நெறிப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலிருந்தும், கர்நாடகத்தில் 2004-ஆம் ஆண்டிலிருந்தும் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டங்கள் உள்ளன. ஆனால், ஜூஜுவாடியில் பணம் வசூலித்து அத்திப்பள்ளியில் கடை நடத்துபவர் தலைமறைவானால், புகாரை எங்கே கொடுப்பது என்பதிலேயே ஏமாந்தவரின் முதல் சில வாரங்கள் போய்விடும். சொத்து முடக்கப்பட்டு, நீதிமன்றம் வழியாகப் பணம் திரும்பி வருவதற்குள் பல கிறிஸ்துமஸ்கள் கடந்துவிடும்.

இதில் அதிகம் பேசப்படாத துயரம் ஒன்றும் உண்டு. தெருவில் வீடு வீடாகச் சென்று வசூலிப்பவர் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே வாழும் ஒரு பெண். நடத்துநர் ஓடிவிட்டால் அக்கம்பக்கத்தாரின் கோபத்துக்கு முன்னால் நிற்பவர் அவர்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் டிரஸ்ட் கம்பெனி என்ற நிதி நிறுவனம் 1909-இல் 'கிறிஸ்துமஸ் கிளப்' சேமிப்பைத் தொடங்கியது. சிறுதொகையை ஆண்டு முழுவதும் செலுத்தி டிசம்பரில் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு அந்நாடெங்கும் பரவியது. வங்கிக்குள் நடந்ததால் அது நிலைத்தது. பிரிட்டனில், இதே நோக்கத்துக்காக 'ஃபேர்பேக்' என்ற தனியார் நிறுவனத்திடம் மாதந்தோறும் பணம் கட்டிவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், 2006 அக்டோபரில் அது திவாலானபோது கிறிஸ்துமஸுக்கு இரண்டே மாதங்கள் இருக்கையில் கைவிடப்பட்டார்கள். அவர்களுடைய பணம் தனிக் கணக்கில் பாதுகாக்கப்படவில்லை. நிறுவனத்தின் கடன்காரர்கள் வரிசையில் பிணையற்றவர்களாக அவர்கள் கடைசியில் நின்றார்கள்.

'வங்கி இருக்க, மக்கள் ஏன் சீட்டை நாடுகிறார்கள்? அறியாமைதானே?' என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. கையில் இருக்கும் பணம் செலவாகிவிடும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள், தாமே எளிதில் திறக்க முடியாத ஒரு பெட்டியைத் தேடுகிறார்கள். பிலிப்பின்ஸின் மிண்டானாவ் தீவில் அஷ்ரஃப், கார்லன், யின் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. குறிப்பிட்ட நாள் வரையோ, குறிப்பிட்ட தொகை சேரும் வரையோ எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கைக் கூடுதல் வட்டி ஏதுமின்றி வழங்கியபோதும், நான்கில் ஒருவருக்கு மேல் அதை விரும்பி ஏற்றனர். அந்த வாய்ப்பு வழங்கப்பட்டவர்களின் சேமிப்பு ஓராண்டில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பூட்டு வேண்டும் என்ற மக்களின் உள்ளுணர்வு சரி. சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பான பூட்டு வங்கித் தொடர் வைப்பு. ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் ரூ.500 பன்னிரண்டு மாதங்களில் சுமார் ரூ.6,210 ஆகும். வட்டி ரூ.210 தானா என்று அலட்சியமாக எண்ணத் தோன்றும். ஒப்பிட வேண்டியது கடனோடு. அதே ரூ.6,000-த்தை டிசம்பரில் 24 சதவீத வட்டிக்கு வாங்கிப் பன்னிரண்டு தவணைகளில் அடைத்தால், மாதம் சுமார் ரூ.567 வீதம் மொத்தம் ரூ.6,800-ஐத் தாண்டும். முன்னால் சேர்ப்பதற்கும் பின்னால் அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ரூ.1,000. பெற்றோருக்கு எடுக்கும் துணியின் விலை அது.

ஒரு எச்சரிக்கை: அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டுகளுக்கு முன் முடிக்க இயலாது என்பதால் ஓராண்டுத் தேவைக்கு அது பொருந்தாது. வங்கி வைப்புக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு இல்லையென்றாலும், சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் வசதியும், கணக்குக் கேட்கும் உரிமையும் உறுப்பினர்களுக்கு உண்டு.

சேமிப்புக்கு முன்னால் ஒரு பட்டியல் வேண்டும். யாருக்கு, என்ன, எவ்வளவு என்று மூன்று பத்திகள் போதும். சென்ற டிசம்பரின் செலவு நினைவிலிருக்கும் இந்த மாதத்திலேயே எழுதினால் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். வெளிமாநிலத்தவர் ரயில் கட்டணத்தையும் அதில் சேர்க்க வேண்டும்; முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குவதால் அந்தப் பணம் அக்டோபர் இறுதியிலேயே தேவைப்படும். துணிகளை ஆடித் தள்ளுபடியில் எடுத்துவைப்பது நம் ஊருக்கே உரிய சிக்கனம். வளரும் குழந்தைகளின் உடைகளை மட்டும் பிறகு வாங்கலாம்.

ஜோயல் வால்ட்ஃபோகெல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1993-இல் எழுதிய கட்டுரையில், பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெறுபவருக்குப் பயனின்றி வீணாகிறது என்று கணக்கிட்டார். அன்பை விலையால் அளக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. எனினும், கடைசி வாரக் கூட்ட நெரிசலில் கைக்குக் கிடைத்ததை வாங்கும்போதுதான் அந்த வீண் அதிகமாகிறது. கேட்டறிந்து வாங்க அவகாசம் தருவதும் முன்கூட்டிய திட்டமே.

தொழிற்சாலை நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொழிலாளி விரும்பினால், ஒப்பந்தத் தொழிலாளர் உள்பட, ஜனவரி முதல் நவம்பர் வரை சம்பளத்திலிருந்து ஒரு தொகையை அவர் பெயரிலேயே வங்கித் தொடர் வைப்பில் செலுத்தும் ஏற்பாட்டைச் செய்யலாம். நிர்வாகத்துக்குச் செலவு மிகக் குறைவு. டிசம்பர் முதல் வாரத்தில் வட்டியுடன் பணம் தொழிலாளியின் கணக்கில் இருக்கும். தெருமுனையில் அட்டையுடன் நிற்பவரிடம் கொடுக்க வேண்டிய அவசியம் அப்போது அவருக்கு இருக்காது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).