எவ்வயதினருக்கு எந்நூல்?

கல்முனைப் பட்டினத்திலிருந்து மேற்கே கிட்டங்கி வழியாகச் சவளக்கடைக்குச் செல்லும் வீதி, மாரி வெள்ளம் பெருகியவுடன் நீருள் அமிழ்ந்து, அக்கரையிலுள்ள நாவிதன்வெளிப் பிரதேசத்தாரை இக்கரைப் பட்டினத்திலிருந்து பிரித்துவிடுவது அடிக்கடி நிகழும் சங்கதி. அந்நாட்களில் பாடசாலைக்கும் போகாமல் வட்டைக்கும் இறங்காமல் வீட்டிலிருப்போர் கைக்கு, அவரவர் பருவத்துக்கேற்ற ஒரு நூல் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கவேண்டுமானால், அதற்குப் பொறுப்பாளி யார்? பொது நூலகங்கள் மாநகர சபைகளினதும் பிரதேச சபைகளினதும் பராமரிப்பில் இயங்கும் நம் நாட்டில், அப்பொறுப்பு நூலகரையே சாரும். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்னும் கருத்தை, 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாக வைத்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகர் என்பவர் அலுமாரிக்குக் காவலாளி அல்லர் என்பதை அன்றே நிலைநாட்டிவிட்டார்.

இரவல் வழங்கும் பகுதியிலுள்ள எந்தப் புத்தகத்தையும் எடுத்துத் திருப்பினால், உள்ளே ஒட்டியிருக்கும் திகதித் தாளே அந்நூலின் சரித்திரத்தைச் சொல்லிவிடும். பரீட்சை வழிகாட்டிகளின் தாளில் ஊதா முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்க, பக்கத்தூர்க் கவிஞர் ஒருவரின் தொகுதியிலோ இரண்டு மூன்று திகதிகள் மாத்திரம், ஒன்றுக்கொன்று வருஷக்கணக்கான தூரத்தில் நிற்கும். அத்தாளைப் படித்து, எந்நூல் யாருக்காகக் காத்திருக்கிறது என்று ஊகிக்கத் தெரிந்த நூலகரே சிபாரிசு செய்யத் தகுதியானவர். அவ்வித நோக்குடன் இக்கடலோரத்து வாசகர்க்குச் சில நூல்களைப் பருவந்தோறும் வகுத்துப் பார்க்கலாம்.

எழுத்தறியாத குழந்தைக்கு நூல் என்பது முதலில் ஓசை, பிறகுதான் பக்கம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பிள்ளைகளுக்காக இயற்றிய பாட்டுகளை உம்மாவோ ராத்தாவோ உரக்கப் படித்துக் காட்டினால், கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய பாட்டு, வயல்வெளியில் வெருளியைக் கண்ட சவளக்கடைப் பிள்ளைக்கு விளக்கவுரையின்றியே விளங்கும். சிறுவர் பகுதியில் பிள்ளையை மட்டும் அங்கத்தவராக்கிப் பயனில்லை. வாசித்துக் காட்டும் தாயையும் அதே நாளில் அங்கத்தவராக்கிவிடுதல் உசிதம்.

எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பருவமோ, 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பாரத்தால் நசுங்கும் பருவம். அப்பிள்ளைகளுக்கு ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயனாகி 1981இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' என்னும் நூலின் தமிழாக்கத்தைக் கொடுக்கவேண்டும். பழைய புகையிரதப் பெட்டிகளே வகுப்பறைகளாக அமைந்த பள்ளி. முதல்நாள் வந்த சிறுமி பேசியதையெல்லாம் நான்கு மணிநேரம் குறுக்கிடாமல் கேட்டிருந்த தலைமை ஆசிரியர்: இவ்விரண்டும், மட்டக்களப்போடு இருப்புப்பாதை முடிந்துவிடுவதால் ஊரில் புகையிரதமே காணாத நம் பிள்ளைகளுக்கு இரட்டிப்பு அதிசயமாக இருக்கும். இதைப் பிள்ளை திருப்பிக் கொடுத்த பின், அப்பிள்ளைக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியரும் ஒரு தடவை வாசிப்பாராயின் இன்னும் விசேஷம்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்குச் சிபாரிசு செய்வது மிகக் கடினம். ஏனெனில் அவர்கள் நூலகத்துக்கு வருவது வினாத்தாள் தேடி. சாகசத்தில் விருப்பமுள்ளவருக்குச் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'யைக் காட்டலாம். 1885இல் வெளிவந்த இந்நாவல், ஈழத்துத் தமிழ் நாவல்களின் முன்னோடி என்ற கீர்த்தியால் பாடக்குறிப்புகளில் மாத்திரம் வாழ்ந்துவருகிறது. அதன் பழைய நடை வாலிபரை அச்சுறுத்தாதபடி, கதையின் தொடக்கத்தை நூலகரே வாயால் சொல்லிவிட்டு மீதியை வாசிக்கவிடுதல் நல்ல உபாயம். கடற்றொழில் குடும்பத்துப் பையனுக்கு ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்'. எண்பத்துநான்கு நாட்களாக மீன்படாத ஒரு கிழவனின் வைராக்கியத்தை, கரைவலை வெறுமையாக வந்த நாளின் வீட்டு மௌனத்தை அறிந்தவனைப்போல் வேறு எவன் உணரப்போகிறான்? சிறுகதை வேண்டுவோர்க்கு ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' (1992). தம் வீட்டு முற்றத்தில் கேட்கும் பேச்சே இலக்கியமாகும் என்பதை அவ்வயதில் அறிந்துகொள்ளுதல் பெரும் தைரியம் தரும்.

இல்லறத்தில் புகுந்த பெண்களை, 'சமையற் குறிப்பு' அலுமாரியின் பக்கமே அனுப்பிவிடும் வழக்கம் மறையவேண்டும். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார், தம் கவிதைகளோடு நில்லாமல், கிழக்கிலங்கையின் நாட்டார் காதற்பாடல்களைத் தொகுத்து 2013இல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என வெளியிட்டார். இத்தொகுதியைத் தனியே வாசிப்பதினும் வீட்டிலுள்ள மூத்தம்மாவின் அருகிலிருந்து வாசிப்பது சிலாக்கியம். ஏனெனில் அச்சிலுள்ள அடியை அவர் கேட்டுவிட்டு, "எங்கட உம்மா இப்படிப் படிக்கல்ல மகள்" என்று வேறொரு பாடத்தைச் சொல்லக்கூடும். கற்பனையின் விசித்திரத்தை நாடும் இளைஞர்க்குக் கல்முனைச் சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்' (1988) போன்ற தொகுதிகள் இருக்கின்றன.

நடுவயதினரான கமக்காரரைப் பொறுத்தவரையில், நூலைவிடக் காலத்தைத் தேர்வதே முக்கியம். தேசிய வாசிப்பு மாதம் என்று ஒக்டோபரில் நூலகங்கள் கண்காட்சியும் போட்டியும் நடத்துகின்றன. பெரும்போக விதைப்பு ஆரம்பமாகும் அம்மாதத்தில் சவளக்கடைக் கமக்காரருக்கு நூலகத்தை எட்டிப்பார்க்க ஏது அவகாசம்? அறுவடை முடிந்து நெல் வீடுசேர்ந்த பின்னரே அவரைத் தேடிப்போகவேண்டும். அப்போது கொடுக்கத்தக்கது, பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் (1931–1975) எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1982இல் அச்சேறிய 'வேளாண்மை' காவியம். வயலையே வாழ்வாகக் கொண்டவர், தம் தொழில் செய்யுளில் ஏறியிருப்பதைக் கண்டு, பிழை பிடிப்பதற்காகவேனும் இறுதிவரை வாசிப்பார். தகப்பனும் மகனும் ஒரே நூலை மாறி மாறி வாசிக்க விரும்பினால், எம்.ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977) இருக்கிறது.

முதியோர்க்கு மார்க்க நூல்கள் மாத்திரம் போதும் என்பது பொது அபிப்பிராயம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைச் செவியால் சுவைத்த தலைமுறைக்கு அதனை மறுபடி கொடுப்பது நியாயமே. ஆனால் கண்பார்வை மங்கியவருக்குப் பேரப்பிள்ளையின் குரலையும் சேர்த்தே இரவல் கொடுக்கவேண்டியிருக்கும். அத்துடன், 1942இல் யுத்தகாலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய ஏ.எம்.ஏ. அஸீஸ் எழுதிய 'இலங்கையில் இஸ்லாம்' (1963), வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துத் தருவது, முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் இப்பிரதேசத்தில் விசேஷ பலன் உடையது.

அயலூரான காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) ஏன் இவ்வரிசையில் இல்லை என்று சிலர் கேட்பர். இசையையும் கணிதத்தையும் இணைத்து ஆராயும் அப்பெருநூலை, ஊர்ப்பெருமை கருதி எல்லோர் கையிலும் திணிப்பது நூலுக்கும் வாசகருக்கும் இழைக்கும் அநீதி. சங்கீதம் பயில்வோர்க்கும் கணித ஆசிரியர்க்கும் அதைக் கொடுத்து, ஏனையோர்க்கு அடிகளின் கட்டுரைகளைக் கொடுப்பதே விவேகம். தவறான கையில் சேர்ந்த உயர்ந்த நூல், அடுத்த நூலையும் அவ்வாசகர் தொடாதபடி செய்துவிடும்.

இங்கு கூறிய உள்ளூர் நூல்களிற் பல சொற்பப் பிரதிகளே அச்சிடப்பட்டவை; கிடைத்த ஒரே பிரதியும் உசாத்துணைப் பகுதிக்குள் பத்திரப்படுத்தப்படுமானால், வீட்டுக்குச் செல்லும் பாக்கியம் அதற்கில்லை. 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்கள் பலவற்றைக் கைத்தொலைபேசிக்கே கொண்டுவந்திருப்பதால், பாதுகாப்பைப் பற்றிய கவலை இன்று பெரிதும் குறைந்திருக்கிறது. ஆதலால் பிரதேச சபைகள் உள்ளூர் எழுத்தாளரின் நூலை வாங்கும்போது இரண்டு பிரதியாக வாங்கி, ஒன்றைச் சேமிப்புக்கும் மற்றதை இரவலுக்கும் ஒதுக்குவதாக ஒரு நியமம் செய்துகொள்ளட்டும். இரவலுக்குச் சென்ற பிரதி ஓரம் கிழிந்து திரும்பினால் அதை நஷ்டக்கணக்கில் எழுதவேண்டியதில்லை. கிழியும்வரை வாசிக்கப்படுவதற்காகவே அது வாங்கப்பட்டது.