இலையில் ஓட்டை: தின்றது யார்?

இலையில் ஓட்டை விழுந்தால் கை உடனே மருந்து பாட்டிலைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு செடி பக்கத்தில் போய் உட்காருங்கள். தின்றது யார் என்று தெரியாமல் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் வீண்தான்.

கத்தரியில் தொடங்குவோம். இலையின் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு, நரம்புகள் வலைபோல் மிஞ்சியிருக்கிறதா? இலையைத் திருப்புங்கள். உடம்பெல்லாம் முள்ளோடு மஞ்சள் நிறத்தில் சின்னப் புழு மேய்ந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே செங்குத்தாக நிற்கும் மஞ்சள் முட்டைக் கூட்டம். இது எபிலாக்னா வண்டின் குடும்பம். வளர்ந்த வண்டு பொறிவண்டு மாதிரியே இருப்பதால் பலர் குழம்புவது இங்கேதான். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டின் முதுகு பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும். புள்ளிகளும் அதிகம், 12 அல்லது 28. பளபளப்பதை விட்டுவிடுங்கள், மங்கலானதை முட்டையோடு நசுக்கிவிடுங்கள்.

கறிவேப்பிலை, எலுமிச்சைக் கொழுந்தில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது பல நேரம் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. தொட்டிச் செடியைச் சில நாளில் மொட்டையடித்துவிடும், அதனால் பொறுக்கித்தான் ஆக வேண்டும். பெரிய மரமென்றால் நான் தொடவே மாட்டேன். இலை மறுபடி துளிர்க்கும், பட்டாம்பூச்சியும் வரும்.

பகலில் ஒன்றும் அகப்படவில்லை, காலையில் மட்டும் புது ஓட்டை என்றால், ராத்திரி டார்ச்சோடு போங்கள். புரோடீனியா புழு பகலில் மண்ணிலும் சருகிலும் பதுங்கியிருந்து இருட்டியதும் ஏறித் தின்னும். காய்ந்து மினுங்கும் கோழைத்தடம் தெரிந்தால் நத்தை. அது பூச்சியே அல்ல, பூச்சிமருந்து அதற்குப் பொருந்தாது. ஈரச்சாக்கை இரவில் விரித்து வையுங்கள். விடிந்ததும் அடியில் ஒதுங்கியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள்.

ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டியதுபோல் அரைவட்டம் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்டத்தான் எடுத்துப்போகிறது. பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்துகொடுக்கும் ஜீவன், விட்டுவிடுங்கள்.

கையால் பொறுக்கி மாளவில்லை என்றால் வேப்ப எண்ணெய். 5 மில்லியைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றுங்கள். எண்ணெய் தனியாக மிதந்தால் இலை கருகும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வெயிலில் வேம்பின் வீரியம் குறைந்துவிடும். மறுநாளும் புழு உயிரோடு இருக்கிறதே என்று கைவிடாதீர்கள். வேம்பு உடனே கொல்லாது. புழு தின்பதையும் தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளித்தால் போதும்.

கீரை, கறிவேப்பிலை என்று அன்றாடம் பறித்துச் சமைக்கும் செடிகளுக்கு மட்டும் தயவுசெய்து கடையில் விற்கும் ரசாயன மருந்தைத் தெளிக்காதீர்கள்.