உங்களுக்குத் தெரியுமா? வாயில்லாப் பெரிய விட்டில்

◆ விறாந்தை விளக்கடியில், செங்கபில நிறத்தில் பெரிய பூச்சி ஒன்று சுவரோடு ஒட்டிக் கிடந்தால் விளக்குமாற்றைத் தேடாதீர்கள். அது இலங்கை அட்லஸ் விட்டில். நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் வாழும் இனம் அது. இறக்கையை விரித்தால் சுமார் 20 சென்டிமீற்றர் வரும். உலகின் மிகப் பெரிய விட்டில்களின் குடும்பத்தைச் சேர்ந்தது.

◆ இத்தனை பெரிய உடம்பு இருந்தும் அதற்குச் சாப்பிட வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே பறந்து, துணை தேடி, முட்டையிட்டு முடிக்கவேண்டும். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம்.

◆ கறுவா, கொய்யா, தேசி இலைகளைப் புழு விரும்பித் தின்னும். காடும் வாசனைத் திரவியத் தோட்டமும் வீட்டு வளவும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் மாத்தளையில் அதற்குத் தீனிப் பஞ்சமில்லை. வெளிர்பச்சை உடம்பு, முதுகில் சதை முட்கள், மேலே மாவு தூவினாற்போல வெண்மெழுகு. மயிர்க்கொட்டி என்று பயந்து இதை மிதித்துவிடுகிறார்கள். பாவம், இது கொட்டுவதுமில்லை, அரிக்க வைப்பதுமில்லை. சீண்டினால் நாற்றமெடுக்கும் நீரைப் பீச்சும், அவ்வளவுதான்.

◆ கூடு கட்டுமுன் இலைக்காம்பைப் பட்டிழையால் கிளையோடு சுற்றி இறுக்கிக் கட்டிவிடும். இலை காய்ந்து சருகானாலும் கூடு கீழே விழாது. தைவானில் இதன் உறவினத்தின் வெறுங்கூட்டைச் சில்லறைப் பையாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

◆ கூட்டைவிட்டு வெளிவரும் பெண் அதிக தூரம் போகாது. பக்கத்திலேயே தொங்கியபடி வாசனையைக் காற்றில் விடும். ஆணின் உணர்கொம்பு பெண்ணுடையதைவிட அகலம். அந்த வாசனையை நெடுந்தூரத்திலிருந்தே பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

◆ முன்னிறக்கையின் நுனி பாம்புத் தலையாகத் தெரியும், பறவைகள் பயந்து விலகும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம். ஆனால் இந்த விட்டில் பறப்பது இருட்டில். இருட்டில் அதன் பகைவன் வௌவால். வௌவால் கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை, எதிரொலியை நம்புகிறது. நம் விட்டிலுக்கோ காதே இல்லை, வௌவால் வருவது கேட்காது. 2021இல் பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் நெருங்கிய உறவான ஆசிய அட்லஸ் விட்டிலைச் சோதித்தார்கள். மடிந்து நெளிந்திருக்கும் அந்த இறக்கை நுனி, உடம்பைவிடப் பலமான எதிரொலியைத் திருப்பி அனுப்புவதைக் கண்டார்கள். அதனால் வௌவால் நுனியைக் குறிவைத்துப் பாயும். நுனி கிழிந்தாலும் உடம்பு தப்பும். நுனி கிழிந்த விட்டிலைக் கண்டால், ஒருவேளை அது வௌவாலிடமிருந்து தப்பி வந்ததாக இருக்கலாம்.

◆ விளக்கைச் சுற்றுவது ஆசையால் அல்ல. பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவைத்தே பறக்கின்றன. வானம் எப்போதும் தரையைவிட வெளிச்சமானது என்பதால் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அவற்றுக்கு அது சரியான வழிகாட்டி. மின்விளக்கு அந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறது என்று 2024இல் வெளியான ஆய்வொன்று அதிவேகக் கமெரா கொண்டு காட்டியது. விறாந்தை விளக்கை அணைத்தாலே பல பூச்சிகள் விடுபட்டுப் போய்விடும். உணவில்லாத இந்த விட்டிலுக்கு ஓர் இரவு வீணாவது பெரிய நட்டம்.

◆ இந்த இனத்துக்கு 1882இல் அறிவியல் பெயர் சூட்டியவர் பிரடரிக் மூர். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், விட்டில்கள் பற்றி 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக அவர் எழுதிய நூலின் படங்களுக்கு, பேராதனைப் பூங்காவின் ஓவியர் ஹார்மானிஸ் டி அல்விஸின் குடும்பத்தார் உயிருள்ள பூச்சிகளையும் புழுக்களையும் பார்த்து வரைந்த ஓவியங்களே அடிப்படை. நூலைப் புகழ்வோர் அந்த ஓவியர்களையும் பெயர் சொல்லிப் புகழவேண்டும்.

◆ பூச்சிகளைப் பார்த்து ரசியுங்கள், பிடித்துச் செல்ல நினைக்காதீர்கள். யால தேசிய பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் பிடித்துவைத்திருந்த இரண்டு இத்தாலியர்களுக்கு 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் 6 கோடி ரூபா.