விமானம் மாறும் இடைவேளையில் பறவை பார்ப்போம்

சென்னையிலிருந்து ஆஸ்திரேலியா போகும் உறவினர் நம் கே.எல்.ஐ.ஏ.வில் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் நாம் என்ன சொல்வோம்? "பிரிக்பீல்ட்ஸ் வந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்போம். நல்ல யோசனைதான். விரைவு ரயிலில் 28 நிமிடங்களில் கே.எல். சென்ட்ரல் வந்துவிடலாம். ஆனால், அதைவிடப் பக்கத்தில் நாரையும் மீன்கொத்தியும் இருக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்?

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எட்டு மணி நேரமும் நம் கையில் இல்லை. குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிட வேண்டும். மிச்சம் நான்கு. போக வர ஒன்றரை மணி நேரம் போனால் பறவைக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். காத்திருப்பு ஆறு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் வெளியே கிளம்பாதீர்கள். வெளிநாட்டவர் விசா விதியைப் பார்த்துக்கொண்டு, மின்னியல் வருகை அட்டையையும் முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். பொழுதும் முக்கியம். காலை ஏழிலிருந்து பத்து வரை, மாலை ஐந்துக்கு மேல். நண்பகல் வெயிலில் போனால் நமக்கு வியர்வைதான் மிச்சம். பறவைகள் நிழலுக்குப் போயிருக்கும்.

போக வேண்டிய இடம் புத்ராஜெயா சதுப்பு நிலப் பூங்கா. எக்ஸ்பிரசில் ஏறாதீர்கள், அது வழியில் நிற்காது. டிரான்சிட் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் புத்ராஜெயா நிலையம். அங்கிருந்து டாக்சி.

அந்தப் பூங்காவைப் பறவைகளுக்காகக் கட்டவில்லை. சுவாவ் ஆற்றைத் தடுத்துப் புத்ராஜெயா ஏரியை உருவாக்கியபோது, மேலிருந்து வரும் நீரில் உரமும் அழுக்கும் கலந்து ஏரி பச்சையாகிவிடும் என்ற கவலை இருந்தது. அதனால் 1997, 98-ஆம் ஆண்டுகளில் சுமார் 200 ஹெக்டரில், 24 பாத்திகளாக, நாணலும் கோரையும் நட்டார்கள். நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெதுவாக இறங்கும்போது செடிகள் அந்த உரச் சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. நாணல் வந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும் செந்நாரையும் சாம்பல் நாரையும் வந்தன. செக்கச் சிவந்த அலகோடு நாணலுக்குள் நடந்து போகும் நீலத் தாழைக்கோழியைத் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம்.

நமக்கு அந்த இடத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. புத்ராஜெயா எழுவதற்கு முன் அங்கே பிராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கியதால் மலாயில் 'பெரும் போர்' என்று பெயர் வந்தது. அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் பால்மரம் சீவியவர்கள் நம்மவர்கள். 1990-களில் நகரம் எழும்பியபோது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிப் போயின. சொந்தத் தரைவீடு கேட்டு அவர்கள் நடத்திய நீண்ட போராட்டம் நம் பத்திரிகைகளில் வந்ததே. விரிந்து கிடக்கும் அந்த ஏரியைக் காட்டும்போது இதையும் உறவினரிடம் சொல்லுங்கள்.

டெங்கில் பக்கமே பாயா இண்டா சதுப்பு நிலம் இருக்கிறது. பழைய ஈயக் குட்டைகள்தான் இன்று ஏரிகள். ரயில் கிடையாது. டாக்சியில் போவதானால் திரும்பி வரவும் அதே வண்டியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று வண்டி பிடிக்க முடியாது. இரண்டு இடங்களுக்குமே, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

வெளியே போக முடியாதவர்கள் முனையத்தின் கண்ணாடி வழியே பாருங்கள். புல்வெளியில் மைனா, மேலே தகைவிலான். விமான நிலைய வேலியோரம் போய் நின்று பார்ப்பது மட்டும் வேண்டாம். பாதுகாப்பு ஒரு காரணம். பறவைகளை அங்கிருந்து விரட்டுவதே விமான நிலையத்தாரின் வேலை என்பது இன்னொன்று. 2009-இல் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழக்க, 155 பேரோடு ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது நினைவிருக்கும். நல்லவேளை, அனைவரும் பிழைத்தார்கள்.

டிரான்சிட் பயணம் நமக்கு மட்டுமல்ல. செப்டம்பர் தொடங்கி சைபீரியப் பக்கத்து உள்ளான்கள் தெற்கே, ஆஸ்திரேலியா வரை பறக்கின்றன. அவை இறங்கி இளைப்பாறும் இடங்களில் ஒன்று நம் கிள்ளான் வட்டாரத்துக் காப்பார். கடல் ஏறி சேற்றுத் திட்டு மூழ்கும்போது, அவை மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் வந்து ஒதுங்கும். அனுமதியின்றி உள்ளே போக முடியாது. கிள்ளானில் வந்து இறங்கி, திரும்பிப் போகாத பறவை காகம். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக 1890-களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகம் பெருகிப் பெருகி, நகராண்மைக் கழகம் சுடுவதற்கு ஆள் வைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

காத்திருப்பு பத்து மணி நேரத்துக்கும் மேல், மாதமும் மார்ச் என்றால் புத்ராஜெயாவை விட்டுவிட்டு, போர்ட்டிக்சனைத் தாண்டி தஞ்சோங் துவான் போங்கள். காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் நீரிணையைக் கடந்து அங்கேதான் கரை சேரும். கடலின் மேல் அவற்றைத் தூக்கிவிட வெப்பக் காற்று இல்லை. சிறகடித்தே வர வேண்டும். கரையை நெருங்கும்போது களைத்து, மரங்களுக்குச் சற்று மேலாகவே பறக்கும். இதற்கு மட்டும் நண்பகல்தான் நல்ல நேரம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள்.