சாப்பிட்டும் சத்து சேரவில்லையா?

‘பால், முட்டை, கேரட்னு எதுக்கும் குறை வைக்கலையே! அப்புறமும் ஏன் வைட்டமின் குறைவுன்னு டாக்டர் சொல்றார்?’ கல்லீரல் நோய் நீடிக்கும் குழந்தையை வளர்க்கும் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகுமா? சோப்பு வேண்டும். குடலில் கொழுப்பைக் கரைக்கும் சோப்பு, கல்லீரல் சுரக்கும் பித்தநீர். ‘பிலியரி அட்ரீசியா’ என்ற நோயில் பச்சிளம் குழந்தையின் பித்தக் குழாய்கள் அடைபட்டுப்போகும். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால், கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேராமல் மலத்தோடு போய்விடும்.

ஏ குறைந்தால் மாலைக்கண். டி குறைந்தால் எலும்பு வளையும், எளிதில் முறியும். ஈ குறைந்தால் நரம்பு பாதித்து நடை தள்ளாடும். கே குறைந்தால் ரத்தம் உறையாது. மூக்கில், ஈறில் ரத்தம் கசிந்தாலோ, காரணமில்லாமல் கன்றிப்போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு.

‘காமாலைதானே, எண்ணெய், நெய் கூடாது’ என்று பத்தியம் போடுகிறீர்களா? வேண்டவே வேண்டாம்! இந்தக் குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட அதிக கலோரி தேவை. பித்தநீர் அதிகம் இல்லாமலே உடலில் சேரும் எம்.சி.டி. எண்ணெயை டாக்டர்கள் தருவார்கள். சமையல் தேங்காய் எண்ணெய் அதற்கு ஈடாகாது.

மருந்துக்கடையில் சாதாரண வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தண்ணீரில் கலக்கும்படி தயாரித்த மருந்தாகவோ, சில சமயம் ஊசியாகவோதான் தரவேண்டியிருக்கும். ஏ வைட்டமின் அளவு மீறினால் கல்லீரலையே கெடுக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பிள்ளை தெம்பாகத் தெரிகிறதே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? பிறந்து 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தாலோ, மலம் சுண்ணாம்பு போல் வெளுத்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலோ, ‘கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருக்காதீர்கள். ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் 1959ல் வெளியிட்ட அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் மறுபடி குடலுக்கு வர வாய்ப்பு அதிகம். அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு!