மீகாமனும் கொள்கலன்களும்

மரக்கலத்தை நெறிப்படுத்துவோனை மீகாமன் என்பது தமிழ் வழக்கு. அப்பொருள் தரும் கிரேக்கச் சொல்லே குபெர்னெட்டீஸ். 2014ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் வெளியிட்ட இம்மென்பொருள் கொள்கலன்களை ஆள்வது. கொள்கலனாவது, ஒரு செயலியையும் அஃது இயங்குதற்கு வேண்டியவற்றையும் ஒருங்கே அடக்கிய பொதி.

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் ஓர் இணையத்தளத்தைப் பல்லாயிரவர் ஒருங்கே நாடுவர். அச்சுமையை ஒரு கணினி தாங்காவிடின், பல கணினிகளை இணைத்த கொத்தணியில் அச்செயலியின் பிரதிகள் பலவற்றை இயக்குதல் வேண்டும். ஐந்து பிரதிகள் வேண்டும் என எழுதிக் கொடுப்பின், ஒன்று வீழ்ந்தவிடத்து மற்றொன்றை எழுப்பி ஐந்தாக்குவது குபெர்னெட்டீஸின் தொழில். செய்முறையை அடுக்கிக் கூறாது, வேண்டும் நிலையைக் கூறுவதே இதன் நெறி.

கற்போர் வழுவும் இடம் ஒன்றுண்டு. கொள்கலனுள் எழுதிய தரவு அது வீழுங்கால் உடன் அழியும். புதிய பிரதி அதனை அறியாது. ஆதலின், பெறுபேறு போன்ற தரவுகளைக் கொள்கலனுக்குப் புறம்பான நிலைத்த சேமிப்பகத்தில் வைத்தல் இன்றியமையாதது.

இதனைப் பயிலக் கொக்குவில் மாணவர் பெருங் கணினிக்கூடம் தேடவேண்டுவதில்லை. மினிகியூப் என்னும் இலவச மென்பொருள் ஒரு மடிக்கணினியிலேயே சிறு கொத்தணியை அமைத்துத் தரும். அதில் ஒரு பிரதியை வேண்டுமென்றே அழித்து, புதியது எழுகின்றதா, தரவு எஞ்சுகின்றதா என நோக்குக. கட்டளைகளை மனனஞ் செய்தலினும் அச்சோதனை பெரும்பயன் தரும்.